ஆணியைச் சுற்றிய கறுப்பு வளையம்

1

சென்ற வெள்ளிக்கிழமை வேலையிடத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள். பத்து வருடம் ஒரே இடத்தில் தாக்குப் பிடித்தவனுக்கு ஒரு கேக்கும், சட்டையில் குத்துகிற சின்னப் பதக்கமும் கொடுப்பது அங்கே வழக்கம். நீல உடுப்போடு, கழுத்தில் அட்டை தொங்க, கேக்குக்குப் பக்கத்தில் இளித்துக்கொண்டு நான் நிற்கிற படத்தை மனைவி எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். ஒரு நிமிடம் ஆகவில்லை, பண்டத்தரிப்பில் இருக்கும் மைத்துனர் எழுதினார்: “எங்கடை நாய் டொக்டருக்கு வாழ்த்துகள்!” அதற்குக் கீழே கும்பிடுகிற கைகளும் பூங்கொத்துகளும் வரிசையாக வந்து விழுந்தன.

அண்ணை மட்டும் ஒன்றும் போடவில்லை. படத்தைப் பார்த்தவர்களின் பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது.

போன வருடம் இதே மாதந்தான் யாழ்ப்பாணம் குருநகரில் அண்ணையின் நாய் செத்தது. அது செத்ததற்குக் காரணம் நான். ஒரு நாய் செத்ததற்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்குக் கோபமில்லை. மற்றவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. மைத்துனரும் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2

ரொறன்ரோவுக்கு வெளியே, பெரிய வீதியோரமாக இருக்கிறது எங்கள் மிருக ஆஸ்பத்திரி. மற்ற வைத்தியர்களுக்குப் பிடிபடாத நோயோடு வருகிற நாய் பூனைகளைத்தான் அங்கே அனுப்புவார்கள். அங்கே ஸ்கான் பகுதியில் நான் உதவியாள். மயக்க மருந்து கொடுத்த நாயைத் தூக்கி மேசையில் படுக்க வளர்த்துவேன். காலை நேராக இழுத்து, பஞ்சுத் துண்டுகளால் முட்டுக் கொடுத்து, பட்டி போட்டுக் கட்டுவேன். படம் எடுக்கிறவர் வேறு, எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்கிறவர் வேறு. எல்லாம் முடிந்ததும் நாயை இறக்கி, மேசையைத் துடைத்து, அது மூத்திரம் போயிருந்தால் நிலத்தையும் துடைப்பேன். ஐம்பது கிலோ நாயைக் குலுங்காமல் தூக்குவது சும்மா வேலை என்று நினைக்காதீர்கள், குனிந்து நிமிர்கிற என் நாரியைக் கேட்டால் சொல்லும். ஆனாலும் அது டொக்டர் வேலை இல்லை.

பொய் எப்படி முளைத்தது என்றும் சொல்ல வேண்டும். ஊரில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவன் நான். முதல் தரம் சோதனையில் டொக்டர் படிப்புக்குப் புள்ளி போதவில்லை. இரண்டாம் தரம் எழுதக் காத்திருந்த நேரத்தில் சண்டையால் இடம்பெயர்வு வந்து, சோதனையும் போய்விட்டது. இங்கே வந்த புதிதில் வேலைக்குப் பதிகிற கந்தோரில் ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு, “ஊரில் என்ன தொழில்?” என்று கேட்டாள். டொக்டருக்குப் படிக்க இருந்தவன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கினேன். படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை. அவள் “தொழில் இல்லை” என்ற பெட்டியில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பிறகு பல வருடம் பாண் சுடுகிற தொழிற்சாலையில் தட்டுக் கழுவினேன்.

நாய் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது அம்மா உயிரோடு இருந்தார். “என்ன வேலை மோனை?” என்று தொலைபேசியில் கேட்டார்.

“நாய் ஆஸ்பத்திரி அம்மா. ஸ்கான் எடுக்கிற இடம்.”

“அப்ப நீ டொக்டரோ?”

“கிட்டத்தட்ட அப்பிடித்தான் அம்மா.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற சனம் அத்தனைக்கும் அம்மா சொல்லிவிட்டார். நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது இனித்தது.

3

இனி அந்த மெசினைப் பற்றி. நாய்க்குக் கால் முறிந்தால் எலும்பின்மேல் தகடு வைத்து, திருகாணி போட்டு முடுக்கிவிடுவார்கள். அநேகமான நாய்கள் சுகமாகி ஓடித் திரியும். சில நாய்கள் மாதங்கள் கழித்துத் திரும்பி வரும். ஒன்று நொண்டும், ஒன்று தகடு வைத்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கும். எங்கே நோகிறது என்று நாய் வாய் திறந்து சொல்லாது. சாதாரண எக்ஸ்ரேயில் தகடு வெள்ளையாக விழுந்து, தனக்குப் பின்னால் இருப்பதை மறைத்துவிடும். ஸ்கான் அப்படியில்லை. பாண் வெட்டுவதுபோல எலும்பை மெல்லிய துண்டு துண்டாக வெட்டிக் காட்டும். அதிலும் உலோகம் குழப்பத்தான் செய்யும், தகட்டைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாகக் கீறல் கீறலாகச் சிதறும். அந்தக் கீறல்களை அடக்குவதற்கு மெசினில் தனியாக ஒரு முறை இருக்கிறது. அதைப் போட்ட பிறகுதான் ஆணிக்கும் எலும்புக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று தெரியவரும். ஆணி இறுகியிருந்தால் எலும்பு அதை ஒட்டிக்கொண்டு வெள்ளையாக நிற்கும். ஆணி கழன்றிருந்தால், அல்லது அடியில் கிருமி தொற்றியிருந்தால், சுற்றிவரக் கறுப்பாக ஒரு வளையம் தெரியும்.

படம் பார்த்துச் சொல்கிற வைத்தியர் மாக்டா என்ற போலந்துக்காரி. நல்ல மனுசி, ஆனால் நின்று கதைக்க நேரமிராது. ஒரு நாள் இரண்டு மாணவர்களுக்கு ஒரு நாயின் எக்ஸ்ரேயைக் காட்டிப் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஆணிகளைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தது. ஆணி கழன்றுவிட்டது என்று மாணவர்கள் சொல்ல, மாக்டா சிரித்தார்.

“அவசரப்படாதீர்கள். இது பொய் வளையம். உலோகத்தின் ஓரத்தைக் கூர்மையாகக் காட்டப்போய், கணினி தானாகவே ஒரு கறுப்புக் கோட்டைப் போட்டுவிடும். இதை நம்பி வெட்டித் திறந்தால் நாய்க்கு வீண் வேதனை.”

நான் பின்னால் நின்று மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். “பொய் வளையத்தையும் மெய் வளையத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்றால்…” என்று மாக்டா தொடங்கினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் ஒரு நாய் சத்தியெடுத்துவிட்டது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் துடைக்கிற தடியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவிக்குப் பொய் வளையத்தைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். பாதிதான் கேட்டேன் என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

4

அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். குருநகரில் கடலுக்குப் போகிறவர். அண்ணி நோயில் போய்ச் சேர்ந்த பிறகு தனியாள். மகள் திருமணம் முடித்துப் பிரான்ஸில் இருக்கிறாள். அண்ணி போன அடுத்த மாதம் கரையில் வலைகளுக்கு நடுவே கிடந்த குட்டியைத் தூக்கி வந்து மணியன் என்று பெயர் வைத்தார். அவர் கடலால் வரும்வரைக்கும் மணியன் இறங்குதுறையில் காத்திருக்கும். வந்த பிறகு அவருடைய காலை விட்டு அகலாது. சமைத்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சமைப்பார். “சும்மா சொல்லக்கூடாது தம்பி, இவன் இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிருக்கும்” என்று ஒரு முறை சொன்னார். அண்ணை அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை.

மணியனுக்கு மூன்று வயதில் ஓட்டோ ஒன்று அடித்துத் தொடை எலும்பு முறிந்தது. யாழ்ப்பாணத்தில் தனியாக மிருக வைத்தியசாலை நடத்தும் ஓர் இளம் பெண் வைத்தியர், கொழும்பிலிருந்து ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரைக் கூப்பிட்டு, தகடும் ஆறு ஆணிகளும் வைப்பித்தார். நல்லாக நடந்தது. நாலாம் மாதம் மணியன் மறுபடியும் காலை நிலத்தில் ஊன்றாமல் தூக்கத் தொடங்கியது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஊரில் எந்த வைத்தியர் எதைச் சொன்னாலும், “வெளியிலை இருக்கிற ஆளிட்டை ஒருக்கால் கேட்டிட்டுச் சொல்லுறம்” என்று எழும்பி வந்துவிடுவார்கள். அந்த ஆள் பெற்றோல் நிலையத்தில் நிற்கலாம், பெட்டி அடுக்கலாம். கடல் கடந்து வருகிற சொல்லுக்கு ஒரு மவுசு. கேட்கப்பட்டவனும் தனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டான்.

அன்று சனிக்கிழமை காலை. மகள் மெலனியை நீச்சல் வகுப்புக்குக் காரில் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். அவளுக்குப் பதினாறு வயது. “தமிழ் விளங்கும், கதைக்கத்தான் வராது” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவளைப் பற்றிச் சொல்லித் திரிந்தேன். அண்ணை அழைத்தார். அங்கே பொழுதுபட்டிருந்தது.

“தம்பி, மணியன் திரும்பவும் காலைத் தூக்கிறானடா. தகடு வைச்ச இடத்தையே நக்கிக்கொண்டு கிடக்கிறான். படம் அனுப்பினனான், பார்த்தனியே?”

“இப்ப பாக்கிறன் அண்ணை.”

“டொக்டர் பிள்ளை சொல்லுது, கீழ் ஆணியைச் சுத்திக் கறுப்பு வளையம் கிடக்காம். ஆணி கழண்டிட்டுதாம். உள்ளுக்குக் கிருமியும் இருக்கலாமாம். ஒண்டில் தெற்குப் பக்கம் கொண்டுபோய் ஸ்கான் எடுக்கவேணுமாம், இல்லாட்டித் திறந்து தகட்டைக் கழட்டவேணுமாம். நான் சொல்லிப்போட்டன், என்ரை தம்பியைக் கேக்காமல் கத்தி வைக்க விடமாட்டன் எண்டு.”

சிவப்பு விளக்கில் நின்ற நேரத்தில் படத்தை இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். கணினித் திரையைத் தொலைபேசியால் பிடித்த படம். மேலே ரியூப்லைட் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருந்தது. தகடு, ஆறு ஆணிகள். கீழ் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம். எனக்குச் சந்தோசம் பொங்கிக்கொண்டு வந்தது. தெரிந்த கேள்வி சோதனையில் வந்த மாதிரி.

“அண்ணை, உது பொய் வளையம். மெசின் போடுறது. இஞ்சை நாங்கள் ஒவ்வொரு நாளும் பாக்கிறம். அந்தப் பிள்ளைக்கு அனுபவம் காணாது. ஒருத்தரையும் தொட விடாதையுங்கோ.”

“மெய்யாவோ?”

“நான் சொல்லுறன்தானே.”

“அப்பாடா! வயித்திலை பால் வார்த்தாய். நீ சொன்னாப் பிறகு வேறை என்ன.”

பச்சை விழுந்தது. மெலனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நீங்கள் டொக்டர் இல்லைத்தானே?” தமிழில்தான் கேட்டாள்.

“ஓம், அதுக்கென்ன?”

“பெரியப்பா நினைக்கிறார், நீங்கள் டொக்டர் எண்டு.”

“உது பெரிய ஆக்கள்டை கதை. நீ உன்ரை நீச்சலைப் பார்.”

அவள் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டாள். பிள்ளைகள் எங்களை விட்டு விலகிப் போகிறார்கள் என்று நாங்கள் கூட்டம் கூடிப் புலம்புகிறோம். அவள் அன்றைக்கு எனக்குக் கிட்டத்தான் வந்தாள், நான்தான் துரத்தினேன்.

5

ஐந்து வாரம் போனது. இடையில் இரண்டு முறை அண்ணை அழைத்தார். மணியன் இன்னும் நொண்டுகிறது என்றார். “நாள் எடுக்கும் அண்ணை, எலும்பு ஒட்ட வேணுமெல்லோ” என்றேன். இரண்டு கிழமைக்கு மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொன்னாராம் அந்த வைத்தியர். தம்பி சொல்லிவிட்டான் என்று அண்ணை கொண்டுபோகவில்லை.

பிறகு ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம் ஒரு படம் வந்தது. மணியனின் தொடையில் புண் வாய் பிளந்து, மஞ்சளாகச் சீழ் வடிந்தது. கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கீழே அண்ணை இரண்டே சொல் எழுதியிருந்தார்: “கால் தொங்குது.”

சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே மூடிவிட்டு மாக்டாவின் அறைக்கு ஓடினேன். ஒன்பது வருடத்தில் நான் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. “ஊரில் என் அண்ணனின் நாய்” என்று சொல்லி, இரண்டு படத்தையும் காட்டினேன். அவர் புண்ணின் படத்தை ஒரு கணம்தான் பார்த்தார். எக்ஸ்ரேயைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

“மற்ற ஐந்து ஆணிகளையும் பாருங்கள். வளையம் இருக்கிறதா?”

பார்த்தேன். இல்லை.

“மெசின் போடும் வளையம் என்றால் எல்லா உலோகத்தின் ஓரத்திலும் ஒரே அளவாக இருக்கும். இது ஒரே ஒரு ஆணியைச் சுற்றி. அதுவும் ஒரு பக்கம் அகலம். இங்கே வாருங்கள்.”

அன்று காலை நானே தூக்கி மேசையில் வைத்த ஒரு நாயின் ஸ்கானைத் திரையில் போட்டார். துண்டு துண்டாக நகர்த்திக் காட்டினார். ஆணியைச் சுற்றி எலும்பு அரித்துப்போய், பூச்சி தின்ற மரம் மாதிரி இருந்தது. “உங்கள் அண்ணனின் நாய்க்கு உள்ளே இதுதான் நடந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாகவே எலும்பு மறுபடி முறிந்திருக்கும்” என்றார். பிறகு கேட்டார்: “முதல் படம் எப்போது எடுத்தது?”

“ஐந்து வாரம்.”

“அங்கே இருக்கிற வைத்தியர் என்ன சொன்னார்?”

“ஆணி கழன்றுவிட்டது, திறக்க வேண்டும் என்று.”

“கெட்டிக்காரி. ஸ்கான் இல்லாமலே சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். பிறகு ஏன் விட்டார்கள்?”

“ஊரில் யாரோ பொறுக்கச் சொன்னார்களாம்.”

“யார்?”

“தெரியாது” என்றேன். அத்தனை வருடமாக என் வாயில் வராத சொல் அன்றைக்கு வந்தது. அதையும் பொய்யாகத்தான் சொன்னேன்.

6

நான் அழைத்தபோது அண்ணை ஏற்கெனவே வைத்தியசாலையில் நின்றார். மணியனை மீன்பெட்டி ஒன்றில் சாக்கு விரித்து வளர்த்தி, பக்கத்து வீட்டாரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி கொண்டு போயிருக்கிறார். கிருமி எலும்பிலிருந்து இரத்தத்துக்கு ஏறிவிட்டது என்றார் வைத்தியர். காலை எடுத்து உயிரைக் காப்பாற்றலாமா என்று பார்க்க முதலில் காய்ச்சல் இறங்க வேண்டும். இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் விடிய மணியன் செத்துப்போனது.

“அந்தப் பிள்ளை என்னை ஒரு சொல்லும் ஏசேல்லை, தம்பி” என்றார் அண்ணை. “உங்கடை வெளிநாட்டு டொக்டரிட்டைக் கேளுங்கோ எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. இவன்ரை தலையைத் தடவிக்கொண்டு அழுதுகொண்டு நிண்டுது. ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.”

நான் “கவலைப்படாதையுங்கோ” என்று ஏதோ உளறினேன். அவர் மணியனைக் கரையில் வலை வைக்கிற வாடிக்குப் பின்னால் குழி தோண்டித் தாட்டதாகச் சொன்னார். பிறகு அடுப்பில் கை தவறி இரண்டு பேருக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டதாகச் சொன்னார்.

வீட்டில் மெலனி என்னோடு ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து நேரே கேட்டாள், “பெரியப்பாவுக்குச் சொன்னீங்களா?” இல்லை என்றேன். “சொல்லுங்கோ அப்பா” என்று என் தொலைபேசியை எடுத்துக் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். தப்ப வழியில்லை.

“அண்ணை, ஒண்டு சொல்லவேணும். நான் டொக்டர் இல்லை. நாயைத் தூக்கி மேசையிலை வைக்கிறதுதான் என்ரை வேலை. அந்த வளையம் உண்மையான வளையம். எனக்கு அது தெரியாது. தெரியாமல்தான் சொன்னனான்.”

அவருக்குப் பின்னால் கடல் இரைச்சல் கேட்டது. கரையில் நின்றிருக்க வேண்டும்.

“நீ டொக்டர் இல்லை எண்டு எனக்குத் தெரியுமடா” என்றார். “உன்ரை மனுசி என்ரை மனுசியிட்டை எப்பவோ சொன்னவ. அம்மா சந்தோசமாய் இருக்கிறா, விடுவம் எண்டு விட்டிட்டன். பேந்து உனக்கும் அது பிடிச்சுக் கிடந்தது.”

“அப்ப ஏன் அண்ணை என்னைக் கேட்டனீங்கள்?”

“நாளும் பொழுதும் பாக்கிறவன், தெரிஞ்சால் சொல்லுவான், தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுவான் எண்டு நினைச்சன். என்ரை தம்பிதானே எண்டு நினைச்சன்.”

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வலை காயப்போட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். மெலனி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நான் அழுதேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறோம். ஓம் என்கிறார், சுகம் என்கிறார், மீன் படுகிறது, படவில்லை என்கிறார். மூன்று மாதத்துக்கு முன் மழைக்குள் இறங்குதுறையில் வழுக்கி விழுந்து கை எலும்பை முறித்துக்கொண்டாராம். ஆஸ்பத்திரியில் தகடு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த மூன்று ஞாயிறும் என்னோடு கதைத்தவர், ஒரு சொல் சொல்லவில்லை. பண்டத்தரிப்பு மைத்துனர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடனே தொலைபேசி எடுத்தேன்.

“ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?”

“அது சின்னக் காயந்தான்.”

“தகடு வைக்கிறது சின்னக் காயமே? இப்ப நோகுதோ? எக்ஸ்ரே எடுத்தவையெண்டால் ஒருக்கால் அனுப்புங்கோவன். நான் ஒண்டும் சொல்லமாட்டன் அண்ணை, சும்மா பாக்கத்தான்.”

“என்னத்துக்கு?” என்றார். “அது டொக்டர் பார்த்தவர்.”

பிறகு, அறிமுகமில்லாத ஆட்கள் என்னைக் கேட்பது போல, அங்கே இப்போது குளிர் எப்படி என்று கேட்டார்.